72 என்றால் என்ன? உளவியல் சோதனைகளைக் கற்க வருபவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் பெங்களூரு அல்சூர் பக்கமிருந்து ஒரு அம்மா தன் ஒன்பது வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒற்றைத் தாள். பள்ளியில் யாரோ எடுத்த சோதனையின் முடிவு என்றார். அதில் பையனின் பெயர், வகுப்பு, அதற்குக் கீழே 'நுண்ணறிவு ஈவு 72' என்று, அதாவது ஐ.க்யூ. 72 என்று, ஒரே வரி. எந்தச் சோதனை, எந்த மொழியில் எடுத்தார்கள், எடுத்தவர் யார், ஒன்றும் கிடையாது. "நூத்துக்கு எழுபத்திரண்டுன்னா பாஸ்தானேங்க, அப்புறம் ஏன் ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போகச் சொல்றாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல ஒருவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். எம்.ஏ., எம்.எஸ்ஸி. உளவியலில் இப்போதுதான் சேர்ந்தவர்கள், சிறப்புக் கல்வி படிப்பவர்கள், எச்.ஆர். வேலையில் சேர்ந்த மறுவாரமே ஒரு ஆளுமைச் சோதனையைக் கையில் வாங்கியவர்கள், இவர்களை மனதில் வைத்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கும் வரிசை இதுவல்ல. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எது முன்னால் வந்தால் எளிதாகப் புரிகிறது என்று பார்த்துப் பார்த்து நான் மாற்றிக்கொண்ட வரிசை.

முதலில் நீங்களே ஒரு சோதனைக்கு உட்காருங்கள்

பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வு வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதே கேள்விகள், கட்டணம் இல்லை, தமிழிலும் கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொரு தொந்தரவும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடச் சொல்லும், மொத்தம் 27. படித்துவிட்டு மூடி வைக்காமல் பேனாவை எடுத்து உண்மையாகவே நிரப்புங்கள். எந்தக் கேள்வியில் கை தயங்கியது, எதில் 1 போடுவதா 2 போடுவதா என்று யோசித்தீர்கள், நேற்று சண்டை போட்டதால் இன்று கூடப் போட்டீர்களா, இதையெல்லாம் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எதிரில் நாளைக்கு உட்காரப்போகிறவருக்கும் இதே தயக்கம் இருக்கும்.

மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். தூக்கம் வராமல் இருப்பதையும் அளவுக்கு அதிகமாகத் தூங்குவதையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பார்கள். 2 போட்டவர் தூக்கம் வராதவரா, எழுந்திருக்கவே முடியாதவரா என்று தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. நோயறிதல் விதியிலேயே அந்த இரண்டும் ஒரே குறியாக இருப்பதால் தெரிந்தேதான் அப்படி வைத்தார்கள். ஆனால் எண் எதை மறைக்கிறது என்பதற்கு இது நல்ல முதல் பாடம்.

ஒன்பதாவது கேள்வி இறந்துபோவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ வரும் எண்ணங்கள் குறித்தது. பயிற்சிக்காக நண்பருக்குக் கொடுத்தால்கூட, மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்வியில் அவர் 1 போட்டிருந்தால் தாளை ஓரமாக வைத்துவிட்டு அவரோடு பேசுங்கள், உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். இதைச் செய்யத் தயாராக இல்லாமல் அந்தத் தாளை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனைகள், ஆளுமையைப் பார்க்கும் ரோர்ஷாக் மைத்தடங்கள், உருவத்தில் விடுபட்ட துண்டைத் தேடச் சொல்லும் ரேவன் மேட்ரிக்ஸ் போன்றவற்றின் அட்டைகளைப் படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். கேள்வியை முன்பே பார்த்த குழந்தைக்கு அந்தச் சோதனையை மறுபடி எடுத்துப் பயனில்லை, அந்தக் குழந்தைக்கு உண்மையில் உதவி தேவைப்பட்டிருந்தால் அதுவும் தெரியாமல் போகும்.

கணக்கு கொஞ்சம் வேண்டும், கொஞ்சம்தான்

சராசரி, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன), சதமானம் (நூற்றுக்கு எத்தனை பேர் உங்களுக்குக் கீழே), ஒட்டுறவு (இரண்டு எண்கள் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன), இந்த நான்கும் கைப்பழக்கத்துக்கு வந்தால் முதல் ஆறு மாதத்துக்குப் போதும். வகுப்பில் இருபது பேரின் பிஎச்கியூ எண்களைப் பெயரில்லாமல் வாங்கி, ஒருமுறையாவது கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் ஜமோவி, ஜாஸ்ப் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கையால் போடாமல் நேராக மென்பொருளுக்குப் போனவர்கள் வரும் எண்ணைக் கேள்வி கேட்பதில்லை என்பது என் அனுபவம்.

இப்போது அந்த 72-க்கு வருவோம். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடோர் சிமோனும் எளிதிலிருந்து கடினம் நோக்கி அடுக்கிய முப்பது பணிகளைக் கொண்டு முதல் அளவுகோலை வெளியிட்டார்கள். சாதாரண வகுப்பில் திணறும் குழந்தைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் கொடுப்பதுதான் நோக்கம். 1912-ல் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதை, அதாவது குழந்தை எந்த வயதினர் அளவுக்குச் செய்கிறது என்பதை, உண்மை வயதால் வகுக்கலாம் என்றார், 'ஈவு' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. இன்றைய சோதனைகளில் அந்த வகுத்தல் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. இப்போது ஒரே வயதுக் குழந்தைகளின் சராசரியை 100 என்றும், வெக்ஸ்லர் வகைச் சோதனைகளில் திட்டவிலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொள்கிறோம். நூறு பேரில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள், 95 பேர் 70-க்கும் 130-க்கும் நடுவில். 72 என்பது சராசரியிலிருந்து 28 கீழே, அதாவது திட்டவிலக்கத்தைப் போல 1.87 மடங்கு கீழே. அதற்கும் கீழே வருகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர். அந்த அம்மா நினைத்த 'நூத்துக்கு எழுபத்திரண்டு' வேறு, இது வேறு. இதை அவருக்குப் புரியும்படி அந்தப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒரு சின்ன அளவுகோலை நீங்களே செய்யுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு சோதனைகளைக் கற்க முடியாது என்றே நினைக்கிறேன். நல்ல தலைப்பு உங்கள் பக்கத்திலேயே இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து பி.ஜி.யில் தங்கியிருப்பவர்களின் வீட்டு ஏக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

கேள்வி எழுத உட்காரும் முன் எட்டுப் பத்துப் பேரிடம் பேசுங்கள். வீட்டு ஏக்கம் என்றால் அவர்களுக்கு என்ன? சாப்பாடா, மொழியா, அம்மாவின் குரலா, வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் ஊர் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போது வருவதா, காய்ச்சல் வந்து தனியாகப் படுத்திருக்கும்போது வருவதா? அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நான்கைந்து பகுதிகளாகப் பிரியுங்கள். பத்துக் கேள்வி கடைசியில் வேண்டுமென்றால் இருபத்தைந்தாவது எழுத வேண்டும், பாதிக்கு மேல் விழுந்துவிடும்.

எழுதும்போது வரும் தவறுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். 'எனக்குச் சாப்பாடும் தூக்கமும் சரியில்லை' என்று எழுதினால் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்காதவர் என்ன போடுவார்? 'வீட்டை நினைக்காமல் இருக்க முடிவதில்லை' என்ற வாக்கியத்துக்கு 'ஒருபோதும் இல்லை' என்று குறித்தால் மூன்று மறுப்புகள் சேர்ந்து படிப்பவர் தலை சுற்றும். பதில் கட்டங்களிலும் பார்த்துக்கொள்ளுங்கள். 'எப்போதாவது', 'சில சமயம்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலருக்கு அவை ஒன்றேதான். ரென்சிஸ் லிகர்ட் 1932-ல் முன்வைத்த முறையில் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வேண்டும், தமிழில் அந்தப் படிகளுக்கு எந்தச் சொல் என்று முடிவு செய்யவே ஒரு நாள் செலவழிக்கலாம், தப்பில்லை.

அப்புறம் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வயதில் மூத்தவரோ படித்தவரோ கேட்டால் மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க' என்றுவிடுவார்கள். அதனால் சில கேள்விகளை எதிர்த்திசையில் வைக்க வேண்டும். 'இந்த ஊரில் எனக்கு நிம்மதியாக இருக்கிறது' என்பது போல. 'இல்லை' போட்டுத் திருப்பாதீர்கள், பொருளைத் திருப்புங்கள்.

எழுதிய கேள்விகளை நாலைந்து பேரிடம் ஒவ்வொருவராகக் காட்டி, 'இந்தக் கேள்வி என்ன கேட்கிறது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். இந்த ஒரு மணி நேரம் தரும் பாடத்தை எந்த மென்பொருளும் தராது. என்னிடம் படித்த ஒருவர் 'ஊர் ஞாபகம் அடிக்கடி வருகிறது' என்று எழுதியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளைஞர் அதைப் படித்துவிட்டு, "தினமும் வருது, வந்தா சந்தோஷமா இருக்கும்" என்றார். ஞாபகம் வேறு, ஏக்கம் வேறு, கேள்வி தவறான ஒன்றை அளந்துகொண்டிருந்தது. அதே தாளை ஸ்ரீராம்புரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் வீட்டுப் பெண்ணிடம் காட்டியபோது அவர் 'ஊர்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். "எந்த ஊருங்க? எனக்கு இதுதானே ஊரு." பெங்களூர்த் தமிழர் எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் போதும் என்று நினைத்தது அந்த ஒரு சொல்லில் உடைந்தது. யாருக்கான அளவுகோல் என்று தலைப்பிலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது.

திருத்தியபின் நாற்பது ஐம்பது பேருக்குக் கொடுத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே கட்டத்தைக் குறித்த கேள்வி ஒருவரையும் இன்னொருவரையும் பிரித்துக் காட்டாது, எடுத்துவிடலாம். ஒவ்வொரு கேள்வியின் எண்ணுக்கும் மற்றக் கேள்விகளின் மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவைப் பாருங்கள், 0.3-க்குக் கீழே இருந்தால் அந்தக் கேள்வியைச் சந்தேகியுங்கள். உடனே தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஏன் என்று போய்க் கேளுங்கள்.

நம்பகத்தன்மை: அதே தூரத்துக்கு அதே கட்டணமா?

ஆட்டோ மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். மெஜஸ்டிக்கிலிருந்து அல்சூர் ஏரிக்கு ஒரே வழியில் தினமும் போகிறீர்கள். ஒரு நாள் ஒன்று காட்டி மறுநாள் அதில் பாதி காட்டினால் அந்த மீட்டரில் நம்பகத்தன்மை இல்லை. தினமும் ஒரே தொகை காட்டுகிறது, ஆனால் உண்மையில் வர வேண்டியதைவிட எப்போதும் இருபது ரூபாய் கூட என்றால் நம்பகத்தன்மை இருக்கிறது, ஏற்புடைமை இல்லை. ரிலையபிலிட்டி, வாலிடிட்டி என்று வகுப்பில் கேட்கும் இரண்டு சொற்களும் இவைதான்.

நம்பகத்தன்மையைப் பார்க்க இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்கலாம். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்றும் பார்க்கலாம், லீ குரோன்பாக் 1951-ல் எழுதிய கட்டுரையால் ஆல்ஃபா என்று பெயர் பெற்ற எண் அது. மதிப்பெண் போடுபவரின் தீர்ப்பு தேவைப்படும் சோதனையில் இரண்டு பேர் தனித்தனியே போட்டு ஒப்பிட வேண்டும். ஆய்வுக்கு 0.70 போதும் என்பார்கள், தனி ஒருவரின் படிப்பையோ வேலையையோ முடிவு செய்ய 0.90-க்குக் குறையாமல் எதிர்பார்க்க வேண்டும். ஆல்ஃபா உயர்ந்திருப்பதே நல்ல சோதனைக்குச் சான்று என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே கேள்வியைச் சொல் மாற்றி எட்டுமுறை கேட்டாலும் ஆல்ஃபா ஏறும்.

இனி மிக முக்கியமான கணக்கு. நம்பகத்தன்மை 0.91 உள்ள ஒரு சோதனை, திட்டவிலக்கம் 15. ஒன்றிலிருந்து 0.91-ஐக் கழித்தால் 0.09, அதன் வர்க்கமூலம் 0.3, அதை 15-ஆல் பெருக்கினால் 4.5. இதுதான் அளவீட்டின் திட்டப்பிழை. 95 சதவீத எல்லைக்கு 1.96-ஆல் பெருக்குங்கள், சுமார் 9 வரும். ஆக நன்றாக எடுக்கப்பட்ட நல்ல சோதனையிலேயே 72 என்பது 63 முதல் 81 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 70-க்குக் கீழே போனால் ஒரு வாசல், மேலே இருந்தால் வேறு வாசல் என்று இருக்கும் இடத்தில் இந்த இடைவெளியைச் சொல்லாமல் வெறும் 72 என்று எழுதிக் கொடுப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநியாயம். இந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்புடைமை: எதற்கு ஏற்றது, யாருக்கு?

'இந்தச் சோதனை வாலிடா?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. இந்த எண்ணை வைத்து, இந்த ஆளைப் பற்றி, இந்த முடிவை எடுக்கலாமா என்று கேளுங்கள். 1955-ல் குரோன்பாக்கும் பால் மீலும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு மெல்ல மெல்ல இந்தப் பார்வை வலுப்பெற்று, இன்று ஏற்புடைமை என்பது சோதனையின் குணமாகக் கருதப்படுவதில்லை, எண்ணுக்கு நாம் கொடுக்கும் பொருளுக்கும் பயன்பாட்டுக்குமான சான்று என்றே பார்க்கிறோம்.

நம் வீட்டு ஏக்க அளவுகோலையே பாருங்கள். விவரம் தெரிந்த நாலு பேர் கேள்விகளைப் பார்த்து எதுவும் விடுபடவில்லை என்கிறார்களா? வந்து ஒரு மாதமானவர்களின் எண் மூன்று வருடமானவர்களின் எண்ணைவிட உயர்ந்திருக்கிறதா? அடுத்த ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் தொடக்கத்திலேயே அதிக எண் எடுத்தவர்களா? மனச்சோர்வு வினாத்தாளோடு ஓரளவு ஒட்டி, ஆனால் அதனோடு ஒன்றாகிவிடாமல் நிற்கிறதா? ஒன்றாகிவிட்டால் நீங்கள் மனச்சோர்வுக்கே இன்னொரு பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பதிலும் ஒரு சான்று, ஒரே நாளில் சேர்வதில்லை.

ஆள் எடுக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.பி.டி.ஐ. என்ற நான்கெழுத்து ஆளுமை வகைப்பாடு பல அலுவலகங்களில் புழங்குகிறது. ஆளெடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. வேலைக்கு ஆள் எடுக்க அந்த வேலையைப் போன்ற ஒரு சின்னப் பணியைச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்கும் நேர்காணலும் எவ்வளவோ மேல்.

யாரை வைத்து 100 என்று முடிவு செய்தார்கள்?

கையேட்டைத் திறந்ததும் நான் முதலில் போவது இந்தப் பக்கத்துக்குத்தான். நெறிமம், நார்ம்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க அடிப்படையாக வைத்த குழுவின் எண்கள். எந்த ஊர்க் குழந்தைகள், எத்தனை பேர், ஆணா பெண்ணா, எந்த வருடம், எந்த மொழி. இந்தியாவில் இன்றும் பெயர் சொல்லப்படும் சோதனைகளையே பாருங்கள். வி.வி. காமத் 1934-ல் பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் கொண்டுவந்தார். சி.எம். பாட்டியா 1955-ல் வெளியிட்ட செயல்திறன் சோதனைத் தொகுதி, எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் கணக்கில் எடுத்தது, அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆனால் அதன் நெறிமம் உத்தரப்பிரதேசத்துச் சிறுவர்கள், பதினொன்று முதல் பதினாறு வயது வரை. இன்றைக்குப் பெங்களூரு விவேக் நகரில் இருக்கும் ஒரு தமிழ்ச் சிறுமியின் எண்ணை அந்த அட்டவணையில் தேடினால் என்ன அர்த்தம் கிடைக்கும்? நாக்பூரில் ஆர்தர் மாலின் வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனையை இந்தியாவுக்குத் தகவமைத்தது 1969-ல். இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி எண்கள் பத்து வருடத்துக்குச் சுமார் மூன்று புள்ளி வீதம் ஏறிக்கொண்டே வந்தன, ஃப்ளின் விளைவு என்பார்கள். பழைய நெறிமத்தோடு இன்றைய குழந்தையை ஒப்பிட்டால் எண் உயர்ந்து தெரியும், உதவி தேவைப்படும் குழந்தை கண்ணில் படாமல் போய்விடும்.

மொழிபெயர்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு முதியோரின் நினைவாற்றலைப் பார்க்கும் எம்.எம்.எஸ்.இ. நல்ல எடுத்துக்காட்டு. 1975-ல் வந்தது, மொத்தம் 30. அதில் 'நோ இஃப்ஸ், ஆண்ட்ஸ், ஆர் பட்ஸ்' என்ற ஆங்கிலத் தொடரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தமிழில் சொல்லுக்குச் சொல் மாற்றினால் அதன் ஓசைச் சிக்கல் போய்விடும், சிக்கல்தான் அங்கே சோதனை. ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும் கேள்வி பள்ளிக்கே போகாத பாட்டிக்கு நினைவுச் சோதனையாக இருக்காது. ஹரியானாவின் பல்லப்கரில் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து இந்தி வடிவம் செய்தபோது இப்படிப்பட்ட பணிகளைக் கிராமத்து முதியவர்களுக்கு ஏற்ப மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. ஸ்ரீராம்புரத்தில் ஒரு பாட்டியிடம் இன்றைய தேதி கேட்டேன், "ஆடி பொறந்து நாலு நாளாச்சு" என்றார். நாள்காட்டியைப் பார்த்தேன், மிகச் சரி. ஆங்கில மாதம் தெரியாது என்று அங்கே பூஜ்யம் போட்டிருந்தால் தவறு அவருடையதா?

ஆள் எதிரில் உட்கார்ந்த பிறகு

சின்ன விஷயங்கள்தான், ஆனால் நான் பார்த்த பிழைகளில் பாதி இங்கேதான். வயதைக் கணக்கிடுவதில் தொடங்குகிறது. பிறந்தது 2014 ஜூலை 25, சோதனை 2024 மார்ச் 10. 10-லிருந்து 25 போகாது, ஒரு மாதத்தை முப்பது நாளாகக் கடன் வாங்கினால் 40, மிச்சம் 15 நாள். மார்ச் இப்போது 2, அதிலிருந்து 7 போகாது, ஒரு வருடத்தைக் கடன் வாங்கினால் 14, மிச்சம் 7 மாதம். 2023-லிருந்து 2014 போக 9. ஒன்பது வயது ஏழு மாதம் பதினைந்து நாள். பத்து என்று தோராயமாகப் போட்டால் அட்டவணையில் பக்கமே மாறி, குழந்தையின் எண் வீணாகக் குறையும்.

கையேட்டில் இருக்கும் அறிவுரையை அப்படியே சொல்லுங்கள், உங்கள் சொந்த வார்த்தையில் விளக்காதீர்கள். பதில் சொன்னதும் 'கரெக்ட்', 'சூப்பர்' என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள், அடுத்த தடவை சொல்லாமல் விட்டால் குழந்தை தான் தப்பு செய்ததாகப் புரிந்துகொள்ளும். முயற்சியைப் பாராட்டலாம். பதிலைச் சொன்னபடியே எழுதுங்கள். இதே சோதனை வேறு இடத்தில் எடுத்ததுண்டா என்று பெற்றோரிடம் கேட்டே ஆக வேண்டும், இங்கே ஒரு மாதத்துக்குள் இரண்டு மூன்று கிளினிக் போய்வரும் குடும்பங்கள் நிறைய.

கண்ணும் காதும் பரிசோதித்தார்களா என்பது எல்லாவற்றுக்கும் முன்னால்.

அல்சூர்ப் பையனிடம் வருகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். விசாரித்ததில் சோதனையை ஆங்கிலத்தில் எடுத்திருந்தார்கள், சொல்லுக்குப் பொருள் சொல்லும் பகுதி உட்பட. சொல் தெரியாதது அறிவு இல்லாததாகக் கணக்கில் ஏறிவிட்டது. மொழி அதிகம் வேண்டாத ரேவனின் வண்ண மேட்ரிக்ஸில் 36 உருக்களைப் பார்த்து விடுபட்ட துண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன், தன் வயதுக்கு நடுத்தரமாகச் செய்தான். அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல அன்றாட வாழ்க்கைத் திறன்களிலும் குறை இருக்க வேண்டும், நுண்ணறிவு எண் மட்டும் போதாது. இவனோ கடைக்குத் தனியாகப் போய்ப் பொருள் வாங்கி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறான், தங்கையைப் பள்ளியில் விட்டு வருகிறான். ஆங்கில வாசிப்பில்தான் திணறல். அதற்குச் சிறப்புப் பள்ளி தேவையில்லை, வாசிப்புக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஒருவரைச் சோதிப்பதும் ஊரையே சல்லடை போடுவதும்

பிஎச்கியூ-9-ல் 10-ஓ அதற்கு மேலோ எடுத்தவரைச் சந்தேகிக்கலாம் என்று வைத்தால், 2001-ல் வந்த மூல ஆய்வின்படி மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 88 சதவீதத்தைச் சரியாக விடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஒரு அலுவலகத்தில் 50 பேருக்கு உண்மையில் மனச்சோர்வு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதில் 44 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 114 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக வடிகட்டி நிறுத்திய 158 பேரில் உண்மையில் மனச்சோர்வு உள்ளவர்கள் 44 பேர்தான், நூற்றுக்கு 28. அடுத்த கட்டமாக ஒருவர் உட்கார்ந்து பேசாமல் அந்தப் பட்டியலை மேலதிகாரிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி அனுப்பச் சொல்லி உங்களிடம் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள்.

எங்கே கற்பது

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1954-ல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி 1974-ல் இன்றைய பெயர் பெற்றது. குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டுக்கும் நரம்பு உளவியலுக்கும் அங்கே உருவான சோதனைத் தொகுதிகளை நாடு முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மருத்துவ உளவியலராகப் பணிசெய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும், 1992 சட்டம் அப்படி. படிப்பு விதிகள் மாறிவருவதால் எந்தக் கல்லூரியில் பணம் கட்டும் முன்பும் மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். எம்.ஏ. முடித்ததும் தனியாகச் சோதனை எடுத்து அறிக்கை கொடுக்கத் தொடங்காதீர்கள், மேற்பார்வையில் குறைந்தது ஒரு வருடமாவது உட்காருங்கள்.

அறிக்கை எழுதும்போது சோதனையின் பெயர், பதிப்பு, எடுத்த மொழி, தேதி, நெறிமம் எந்த மக்களுடையது, எண்ணின் இடைவெளி, அன்று குழந்தை எப்படி இருந்தது, இவை எல்லாம் வேண்டும். என்ன உதவி தேவை என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள், வகுப்பாசிரியர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் படிப்பார். பெற்றோரிடம் அவர்கள் பேசும் மொழியில் வாயாலும் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு நான் ஒரு தாளில் மலை மாதிரி ஒரு வளைகோடு போட்டு, நடுவில் 100 எழுதி, பையன் இருக்கக்கூடிய இடத்தை ஒரு புள்ளியாக வைக்காமல் பென்சிலால் பட்டையாகத் தேய்த்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ இவன் இங்கேயும் இருக்கலாம், அங்கேயும் இருக்கலாம்?" என்று இரண்டு முனையையும் விரலால் தொட்டுக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தத் தாளை மடித்துப் பழைய தாளோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் மறுபடி பார்க்க வரும்போது இரண்டையும் கொண்டுவரச் சொன்னேன்.